கடல் டின், களப்பு டின்

எங்கள் ஊரில் யாருக்கும் இடப்பக்கம், வலப்பக்கம் கிடையாது. கடல் பக்கம், களப்புப் பக்கம், அவ்வளவுதான். கற்பிட்டிக்குப் போகும் அந்த ஒடுங்கிய நிலத்தில் மேற்கே கடல், கிழக்கே களப்பு என்கிற உப்புநீர் ஏரி, நடுவில் தெற்கு வடக்காக ஒரு ரோடு. ரோட்டோரத்தில் நாங்கள். "களப்புப் பக்கத்துச் செருப்பு அறுந்துபோச்சு" என்றால் எங்கள் ஆட்களுக்கு உடனே விளங்கும். கட்டிலில் நான் களப்புப் பக்கம், என் வீட்டுக்காரர் கடல் பக்கம். ஒருமுறை புத்தளம் ஆஸ்பத்திரியில், "கடல் பக்கத்து முழங்கால் வலிக்குது டொக்டர்" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். டொக்டர் மலைநாட்டுப் பக்கத்துப் பெண். பேனையை மேசையில் வைத்துவிட்டு, "இப்ப கடல் எந்தப் பக்கம்?" என்று கேட்டார். நான் எழும்பி ஜன்னலால் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னேன்.

சிரிக்கலாம். ஆனால் இந்தப் பேச்சுப் பழக்கம் ஒருமுறை என் கையில் இருந்த வாகனச் சாவியையே பறித்துக்கொண்டது.

சண்டை முடிந்து, ரோட்டில் இருந்த சோதனைச் சாவடிகள் ஒவ்வொன்றாக எடுபட்டு, கடலுக்குப் போகிறவர்களிடம் பாஸ் கேட்காத காலம் வந்தபோது நாங்கள் ஒரு பழைய பிக்கப் வாங்கினோம். எங்களுக்குக் கரையோரமாக ஒரு கருவாட்டு வாடி இருந்தது. வீட்டுக்காரர் அங்கே மீனைக் கீறி, உப்புப் போட்டு, காயவைப்பார். செவ்வாயும் வெள்ளியும் கருவாட்டை ஏற்றிக்கொண்டு சிலாபத்துக்குப் போவார். மற்ற நாட்களில் பிக்கப் என் கையில். காலையில் கரைக்குப் போய், கரையேறும் மீன்பிடிப் போட்டுகளில் இருந்து மீன்பெட்டி ஏற்றி வாடிக்குக் கொண்டுவருவது என் வேலை. எங்கள் கரையில் வாகனம் ஓட்டிய முதல் பெண் நான்தான். அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமே இல்லை. கேட்காதவர்களுக்கும் சொல்லியிருக்கிறேன்.

கரையில் ஓட்டுவது ரோட்டில் ஓட்டுவது மாதிரி அல்ல. மணல் சரிவில் மூக்கை முன்னால் விட்டு இறங்கினால் திரும்பி ஏற முடியாது. பின்னுக்கு எடுத்து, தண்ணீர் ஓரம் வரைக்கும் இறங்கி, பெட்டிகளை ஏற்றிக்கொண்டு ஒரே இழுவையாக மேலே போய்விட வேண்டும். ஒரு காலையில் பத்துப் பன்னிரண்டு போட்டுக்கு அப்படி இறங்குவேன். கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்து சரியான இடத்தில் பிரேக்கை மிதித்து நிற்பாட்டும்போது எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வரும். வேறு எந்த வேலையிலும் அந்தச் சந்தோஷம் எனக்கு வந்ததில்லை.

உப்புத் தண்ணீர் படும் வாகனத்துக்குப் பின் பிரேக் கனநாள் தாங்காது. முதலில் கீச்சிட்டது. பிறகு இரும்போடு இரும்பு உரசுகிற சத்தம் வந்தது. "நானே கழட்டுறன்" என்றார் வீட்டுக்காரர். வேறொரு வீட்டில் கழற்றும்போது பக்கத்தில் குந்தியிருந்து பார்த்திருக்கிறாராம். அது போதுமாம்.

ஒரு சனிக்கிழமை காலை, எங்கள் வீட்டுக்கு முன்னால், ரோட்டோரத்து வேப்பமர நிழலில் பிக்கப் நின்றது. மூக்கு வடக்கே கற்பிட்டியைப் பார்த்திருந்தது. ஜக் அடித்துத் தூக்கி, கல் வைத்து, பின் சில்லு இரண்டையும் கழற்றினார். உள்ளே சட்டி மாதிரி இருக்கும் டிரம் துருவேறி இறுகிப்போய் வரவே மாட்டேன் என்றது. மண்ணெண்ணெய் ஊற்றி, மரச்சுத்தியலால் சுற்றிச்சுற்றித் தட்டி, மாதாவைக் கூப்பிட்டு, பிறகு மாதாவுக்குக் கேட்கக்கூடாத வார்த்தைகளையும் சொல்லி ஒருவழியாக எடுத்தார். உள்ளே பிறை வடிவில் இரண்டு இரும்புகள். அவற்றின் முதுகில் ஒட்டியிருக்கும் லைனர்தான் டிரம்மைப் பிடிக்கிறது. அது தேய்ந்து கடதாசி ஆகியிருந்தது. இரண்டு பிறைக்கும் நடுவில் ஒரு விரல் நீளத் திருகாணி, அதில் ஒரு பல்லுச் சக்கரம். லைனர் தேயத்தேய அந்தத் திருகாணி நீண்டு பிறைகளை விரித்துக் கொடுக்கும். இதெல்லாம் எனக்கு அன்றைக்குத் தெரியாது. பழந்துணி எடுத்துக் கொடுப்பதும், ஊமல்கரி மாதிரி இருந்த அந்தத் தூசியைச் சவர்க்காரத் தண்ணீரால் கழுவுவதும்தான் என் பங்கு.

லைனர் ஒட்டிக்கொடுக்கும் புத்தளத்துக் கடைக்காரர், ஒரு பக்கத்துச் சாமானை மறுபக்கத்தில் போடக்கூடாது என்று தொலைபேசியில் சொல்லியிருந்தார். ஏன் என்று இவர் கேட்கவில்லை. ஆனால் சொன்னதை ஒழுங்காகச் செய்தார், அதில் குறை சொல்ல முடியாது. இரண்டு வெறும் பால்மா டின்னை எடுத்தார். போட்டுக்கு அடித்து மிஞ்சிய நீலப் பெயின்டால் ஒன்றில் 'கடல்' என்று எழுதினார், மற்றதில் 'களப்பு'. அந்தந்தப் பக்கத்துச் சுருள்கம்பிகளையும் திருகாணியையும் அந்தந்த டின்னில் போட்டார். பிறைகளை மட்டும் பையில் எடுத்துக்கொண்டு, வெறும் டிரம்மையும் சில்லையும் திரும்பப் பூட்டி வாகனத்தைக் கீழே இறக்கிவிட்டு, புத்தளம் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்.

அந்த மாதம் மாதா சொரூபம் வீடு வீடாக வரும் மாதம். எங்கள் தெருவுக்கு அடுத்த கிழமைதான் முறை என்று இருந்தது. யாருக்கோ சுகமில்லை என்று முறையை மாற்றி அன்றைக்கே வருகிறது என்று பத்து மணிக்கு ஆள் வந்து சொன்னது. எனக்குக் கைகால் ஓடவில்லை. வாசலை மறித்துக்கொண்டு பிரேக் இல்லாத ஒரு பிக்கப். பக்கத்து வீட்டு ஆட்களைக் கூப்பிட்டேன். நான் ஸ்டியரிங்கைப் பிடிக்க, ஆறு பேர் தள்ளி, எதிர் வீட்டு வளவுக்குள் விட்டோம். மாதா வந்து, செபமாலை சொல்லி, பாட்டுப் பாடி, அடுத்த வீட்டுக்குப் போனதும் வாகனத்தைத் திரும்ப வேப்பமரத்தடிக்குக் கொண்டுவந்தோம். வளவுக்குள் மூக்கை விட்ட வாகனத்தைப் பின்னுக்குத் தள்ளி எடுத்தபோது மூக்கு தெற்கே, பாலாவிப் பக்கம் திரும்பிவிட்டது. யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. வாகனம் நிழலில் நின்றால் போதும் என்று விட்டுவிட்டோம்.

பின்னேரம் இவர் புது லைனரோடு வந்து இறங்கினார். நான் குசினியில் இருந்து கத்திச் சொன்னேன். "மாதா வந்தது. வாகனத்தத் தள்ளித் திருப்பி விட்டிருக்கு."

"ஓம்" என்றார்.

எங்கள் வீட்டில் அவருடைய ஓமுக்குப் பல பொருள் உண்டு. அதில் ஒன்று, சத்தம் காதில் விழுந்தது, விஷயம் விழவில்லை என்பது.

பிரேக் முதல் சில நாள் கல் மாதிரி நின்றது. இவர் மார்பை நிமிர்த்திக்கொண்டு திரிந்தார். "கராஜ்காரன் என்னத்தப் பெரிசாச் செய்யிறான்" என்று தேத்தண்ணிக் கடை வரைக்கும் கதை போனது. இரண்டாவது கிழமை பெடல் கொஞ்சம் கீழே போவது எனக்குத் தெரிந்தது. சொன்னேன். அவர் வாகனத்துக்குக் கீழே படுத்து, டிரம்முக்குப் பின்னால் இருந்த சின்ன ஓட்டையால் கம்பியை விட்டு, பல்லுச் சக்கரத்தைத் திருப்பி இறுக்கிவிட்டு வந்தார். செவ்வாய் சிலாபம் போய் வந்தார். பெடல் நல்லாய் இருந்தது. புதன், வியாழன் நான் கரைக்குப் போனேன். பெடல் பாதிக்கு இறங்கிவிட்டது. திரும்ப இறுக்கினார். வெள்ளி அவர் ஓடினார், ஒன்றும் இல்லை. சனி நான் ஓடினேன், இறங்கிவிட்டது.

"பாத்தியா" என்றார். "எனக்கு இறங்காத பெடல் உனக்கு மட்டும் என்னண்டு இறங்குது? உன்ட கால்தான் பிரேக்கத் தின்னுது."

"நான் மெதுவாத்தான் மிதிக்கிறன்."

"மெதுவா மிதிக்கிற காலா அது? கதவையே நீ மெதுவாச் சாத்த மாட்டாய்."

கதவு விஷயம் உண்மை. நான் கோபக்காரி, கதவை அடித்துத்தான் சாத்துவேன். அதனால் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அடுத்த கிழமை முழுக்க முட்டை ஓட்டில் கால் வைப்பது போல பிரேக்கில் கால் வைத்தேன். அப்போதும் இறங்கியது.

பிறகு அந்தக் காலை வந்தது. ஒரு போட்டுக்குப் பின்னுக்கு எடுத்து இறங்குகிறேன். போட்டுக்காரர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் ஓரத்தில், எனக்கு முதுகைக் காட்டி நிற்கிறார். பிரேக்கை மிதித்தேன். பெடல் அடிப்பலகை வரைக்கும் போனது. பிடித்தது, ஆனால் பிந்திப் பிடித்தது. ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன், அது சும்மா கையோடு வந்தது. நான் போட்ட சத்தத்தில் அந்த மனுசன் பெட்டியை எறிந்துவிட்டு ஒரு பக்கமாகப் பாய்ந்தார். பின் சில்லு இரண்டும் கடலுக்குள். ஒரு அலை வந்து பெட்டிகளுக்கு மேலால் போனது. கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள், எட்டுப் பேர் சேர்ந்து தள்ளி ஏற்றினார்கள். பாய்ந்த மனுசனும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவர் ஒரு நொடி பிந்தியிருந்தால் என்ன என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்காரர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். கீழே படுத்து பிரேக்கைத் திரும்ப இறுக்கினார். பிறகு சாவியை எடுத்துத் தன் சாரத்து மடியில் சொருகிக்கொண்டு, "திங்கட்கிழமையில இருந்து மச்சான் வந்து ஓடுவான்" என்றார். அவருடைய அக்காவின் புருசன். அவ்வளவுதான் பேச்சு. எனக்கு அழுகை வரவில்லை. அந்தச் சாவி போனால் நான் திரும்பவும் வாடியில் குந்தியிருந்து செதில் சுரண்டுகிறவள்தான்.

அன்றைக்கு வியாழன். வெள்ளி காலையில், முழங்காலுக்கு மருந்தெடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் புத்தளம் பஸ் ஏறினேன். சாரதிக்குப் பின்னால் உள்ள ஜன்னல் சீட்டில் இருந்து, வழிநெடுகத் தென்னந்தோட்டங்களை வெறித்துப் பார்த்துக்கொண்டு போனேன். ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. நேரே லைனர் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் தொண்ணூறில் துரத்தப்பட்டு மன்னாரை விட்டு வந்த முஸ்லிம் ஆட்களில் ஒருவர். என் வயதுதான் இருக்கும். பசை பூசிக்கொண்டே முழுக் கதையையும் கேட்டார். "தங்கச்சி, கால் பிரேக்கத் தின்னாது. காலுக்கு என்ன பல்லா இரிக்கி?" என்றார். எனக்கு அந்த இடத்திலேயே பாதி உயிர் வந்தது.

"ரோட்டுல ஓடக்குள்ள எறங்குதா, கரையில ஓடக்குள்ளயா?"

"கரையிலதான்."

"கரையில எப்பிடி ஓடுவீங்க?"

"பின்னுக்குத்தான். காலையில முழுக்கப் பின்னுக்கு."

"பின்னுக்கு எடுத்து பிரேக் அடிப்பீங்க?"

"அடிக்காட்டிக் கடலுக்குள்ளதானே போவன்."

தூரிகையை வைத்துவிட்டார். மேசை லாச்சியில் இருந்து இரண்டு பழைய திருகாணிகளை எடுத்து என் இரண்டு கையிலும் வைத்தார். பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். "திருப்பிப் பாருங்க" என்றார். இரண்டையும் ஒரே திசையில் திருப்பினேன். ஒன்று நீண்டது. மற்றது சுருங்கியது.

"ஒண்டு சோத்துக்கைப் புரி, மத்தது பீச்சங்கைப் புரி. உங்கட வாகனத்துல பின்னுக்கு எடுத்து பிரேக் அடிக்கிற ஒவ்வொரு தரமும் உள்ளுக்கு இரிக்கிற சின்னக் கையொண்டு இந்தப் பல்லைத் தள்ளும். சரியான பக்கத்துல இரிந்தா நீளும், பிரேக் இறுகும். பக்கம் மாறினா சுருங்கும். நீங்க அடிக்க அடிக்க அது கழண்டுகிட்டே போகும்."

"பக்கம் மாறச் சான்ஸே இல்ல. அவர் டின்னுல எழுதித்தான் வச்சவர்."

"அப்ப எனக்குத் தெரியா" என்று சிரித்தார். "கழட்டித்தான் பாக்கோணும்."

திரும்பும் பஸ்ஸிலும் அதே சாரதிக்குப் பின்னால் உள்ள சீட்தான் கிடைத்தது. திருகாணி இரண்டும் மனதுக்குள் சுற்றிக்கொண்டே இருந்தன. பாலாவி தாண்டிக் கொஞ்ச தூரம் வந்ததும் ஜன்னலுக்கு வெளியே களப்பு பளிச்சென்று தெரிந்தது. காலையில் இந்தச் சீட்டில் இருந்தபோது இங்கே களப்பு இல்லையே என்று யோசித்தேன். காலையில் இது கடல் பக்கத்துச் சீட். இப்போது களப்புப் பக்கத்துச் சீட். சீட் மாறவில்லை. பஸ்தான் திரும்பியிருக்கிறது.

மாதா சொரூபம். எதிர் வளவு. கற்பிட்டியைப் பார்த்து நின்ற வாகனம் பாலாவியைப் பார்த்து நின்றது. இவர் வந்து கடல் டின்னைக் கடல் பக்கத்துச் சில்லுக்கும், களப்பு டின்னைக் களப்புப் பக்கத்துச் சில்லுக்கும் பூட்டியிருக்கிறார். அவர் எழுதியபடியேதான் செய்தார். வாகனத்தைத் திருப்பியவள் நான்.

பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது, சொல்லாமல் விடுவோமா என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படி நினைத்ததை மறைக்க மாட்டேன். என் கால் தப்பில்லை என்று நிரூபிக்கப் போனால் என் கை தப்பு என்று வரும். இத்தனை நாளாக என் காலைத் திட்டிய மனுசனிடம் போய் இதைச் சொல்வதா? ஆனால் சொல்லாவிட்டால் திங்கட்கிழமை மச்சான் அதே பிக்கப்பைக் கரைக்குக் கொண்டுபோய்ப் பின்னுக்கு எடுப்பான். பெட்டியோடு முதுகு காட்டி நிற்கிற ஆள் ஒவ்வொரு முறையும் பாய்வார் என்று என்ன நிச்சயம்?

சிலாபத்தால் இவர் வரும்வரை காத்திருந்தேன். வந்ததும் வாடிக்குப் போய் உப்புப் போட ஆரம்பித்துவிட்டார். முன்னால் போய் நின்று, ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னேன். பொய் சொல்லிப் புத்தளம் போனதையும் சொன்னேன். "திருப்பினது நான்தான்" என்று முடித்துவிட்டு, அவர் கத்தினால் கத்துவதற்கு ஆயத்தமாக நின்றேன்.

அவர் கையில் இருந்த உப்பைத் தட்டினார். கண்ணை மூடி, சில்லு, டின், வேப்பமரம் என்று மனதுக்குள் சுற்றிப் பார்த்திருக்க வேண்டும், விரல்கள் இரண்டும் காற்றில் இடம் மாறின.

"நீ சொன்னாய்தானே" என்றார்.

"என்ன?"

"வாகனத்தத் திருப்பி விட்டிருக்கு எண்டு. குசினியில இருந்து சொன்னாய். நான் ஓம் எண்டு சொன்னன்."

அவர் சொல்லும்வரைக்கும் எனக்கு அது ஞாபகத்துக்கே வரவில்லை. அவருக்கு இருந்தது. என் பக்கத்துக்குச் சாட்சி சொல்ல அவர்தான் வந்தார். வந்த கோபம் எங்கே போனது என்று எனக்குத் தெரியவில்லை.

ஞாயிறு பூசை முடிந்து வந்து இரண்டு பக்கமும் கழற்றினோம். திருகாணிகளைப் பக்கம் மாற்றினோம், கழுவிக் கிரீஸ் பூசினோம். இறுக்குவது இந்தமுறை நான். கீழே மணலில் படுத்து, ஓட்டையால் கம்பியை விட்டுப் பல்லை ஒவ்வொன்றாகத் தள்ளினேன். அவர் வெளியே இருந்து சில்லைக் கையால் சுற்றினார். முதலில் சில்லு சும்மா சுற்றியது. பிறகு சர்ர் என்று மெல்லிய உரசல் கேட்டது. பிறகு சில்லு அசைய மறுத்தது. அதற்குப் பிறகு கொஞ்சம் தளர்த்த வேண்டும்.

"ரெண்டு பல்லு விடு" என்றார்.

"மூண்டு. சத்தம் இன்னும் தடிப்பாக் கேக்குது."

"ஓம்" என்றார். இந்த ஓம் வேறு ஓம். கேட்டுவிட்டுச் சொன்ன ஓம்.

அடுத்தமுறை பக்கம் மாறாமல் இருக்க பிக்கப்பின் உள்பக்கத்திலேயே எழுதி வைப்போம் என்று நீலப் பெயின்டை எடுத்தார். 'இடம்', 'வலம்' என்று எழுதச் சொன்னேன். எழுதிவிட்டு, எது எது என்று என்னைக் கேட்டார். நான் சோத்துக்கையைத் தூக்கிப் பார்த்துச் சொன்னேன். மச்சானுக்கு வரவேண்டாம் என்று சொல்லி, ஒரு பார்சல் கட்டாக் கருவாடும் கொடுத்தனுப்பினோம். சாவி திங்கள் காலை தேத்தண்ணிக் கோப்பைக்குப் பக்கத்தில் இருந்தது. நான் எடுத்து இடுப்பில் சொருகிக்கொண்டேன்.

அன்றைக்கு அவரும் என்னோடு கரைக்கு வந்தார். வாடியில் வேலை கிடக்கிறதே என்றேன், அவர் ஏறிக் கதவைச் சாத்தினார். நான் சரிவின் மேலே வாகனத்தைத் திருப்பி நிற்பாட்டியதும் அவர் இறங்கிக் கீழே நடந்தார். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, அந்த மனுசன் பாய்ந்த அதே இடத்தில், கணுக்கால் தண்ணீரில் போய் நின்றார். எனக்குக் கை காட்டி வழி சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். இவ்வளவு நடந்த பிறகும் நம்பிக்கை இல்லையா என்று பழைய கோபம் மெல்லத் தலை தூக்கியது. அவர் எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி, கடலைப் பார்த்துக்கொண்டு, போட்டுக்காரரோடு காற்றைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார்.

நான் பின்னுக்கு எடுத்தேன். கண்ணாடியில் அவர் முதுகு பெரிதாகிக்கொண்டே வந்தது. சேட்டில் இருந்த உப்புக் கறை வரைக்கும் தெரிந்தது. அவர் ஒருமுறையும் திரும்பவில்லை. மிதித்தேன். பெடல் மேலேயே பிடித்தது, வாகனம் நின்றது. அவர் பார்க்காமலே கையைப் பின்னுக்கு நீட்டினார். கை எட்டும் தூரத்தில் பின்பலகை இருந்தது. அதில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, "பெட்டிய ஏத்துங்க" என்று போட்டுக்காரரிடம் சொன்னார்.

நான் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, கதவைத் திறக்காமல் உள்ளேயே இருந்தேன். அன்றைக்குத்தான் எனக்கு அழுகை வந்தது.